சிரிக்க வைப்பவருக்குத் தாளம் வேண்டும்

மரக்காணத்தில் உப்பு வாரும் கூட்டம் எதிலும் ஒருவன் இருப்பான். மேஸ்திரி நடந்து வருவதைச் செய்து காட்டுவான். சினிமாப் பாட்டுக்குப் பாத்தி வரப்பிலேயே சொல் மாற்றிப் பாடுவான். மற்றவர்கள் பலகையை ஊன்றிக்கொண்டு வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். அந்தத் தம்பிக்கும், அப்படியொரு தங்கைக்கும்தான் இந்தக் கட்டுரை. உங்கள் கையில் இருப்பது பிழைப்புக்கு ஆகும் திறமை.

முன்னால் நடந்தவர் ஒருவரைப் பாருங்கள். ஜே.பி. சந்திரபாபு 1927இல் இன்னொரு உப்பள ஊரான தூத்துக்குடியில் பிறந்தவர். கொழும்பில் வளர்ந்து சென்னை வந்தார். 1947இல் 'தன அமராவதி'யில் தலைகாட்டினார். பிறகு படி ஏறி இறங்கியதுதான் மிச்சம். 1952இல் விரக்தியில் உயிரை விடவும் துணிந்தார். பிழைத்தவருக்கு அதே ஆண்டு ஜெமினியின் 'மூன்று பிள்ளைகள்' கிடைத்தது. உங்களுக்கும் இப்படி வறண்ட காலம் வரும். அப்போது தனியே கிடந்து மருகாதீர்கள், வீட்டிலோ நண்பரிடமோ வாய் திறந்து பேசிவிடுங்கள்.

அவரைத் தூக்கி நிறுத்தியது, என்னைக் கேட்டால், அவருடைய காதுதான். குரலை அடியிலிருந்து சட்டென்று உச்சிக்குத் தாவவிடும் மேல்நாட்டு 'யோட்லிங்' பாணியைத் தமிழ்ப் பாட்டில் பாடிக் காட்டினார். 'சபாஷ் மீனா'வில் (1958) அவருக்கு இரட்டை வேடம். அதில் ரிக்‌ஷாக்காரராகப் பேசும் சென்னைத் தமிழைக் கேளுங்கள், வெளியூர்க்காரர் என்று யாரும் சொல்ல முடியாது. அவர் விழுவதும் எழுவதும்கூடத் தாளத்துக்குள்தான் நடக்கும்.

நம் பக்கத்துத் தெருக்கூத்தில் இதே பாடத்தைக் கட்டியக்காரன் நடத்துகிறான். திரைக்கு முன்னால் நின்று ராஜா வேஷத்தைப் பார்த்து, "யாருய்யா நீ?" என்று கேட்கிறானே, அந்த இடத்தைக் கவனியுங்கள். மிருதங்கம் அடங்கும் நொடியில்தான் கேள்வி விழும். கொஞ்சம் முந்தினால் பின்பாட்டில் அமுங்கிப்போகும், பிந்தினால் சிரிப்பு வராது. அதனால்தான் சொல்கிறேன், ஜோக் சேர்ப்பதற்கு முன்னால் தாளம் பழகுங்கள்.

பழக இடம் இருக்கிறது. விழுப்புரத்தில் மாவட்ட அரசு இசைப்பள்ளி உண்டு. குரலிசையோ மிருதங்கமோ மூன்றாண்டு படிக்கலாம். பட்டம் முடித்தவர்களுக்குக் காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகத்தின் சங்கரதாஸ் சுவாமிகள் நிகழ்கலைப் பள்ளி இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்குப் போகிற வழிதான்.

ஒரு சிக்கலை மறைக்காமல் சொல்கிறேன். கூத்துக்கு நல்ல காலம் பங்குனி முதல் ஆடி வரை. உப்புக்கும் வெயில் காலம்தான். விடிய விடிய ஆடிவிட்டு வெயில் ஏறுமுன் பாத்தியில் இறங்கினால் முதலில் போவது தொண்டை. வேலை நாளில் ஆட்டம் ஒப்புக்கொள்ளாதீர்கள். மறுநாள் ஓய்வு இருக்கும் இரவு போதும். அளம் ஓய்ந்திருக்கும் மழை மாதங்களைப் பயிற்சிக்கும் குரல் பதிவுக்கும் வையுங்கள்.

அடுத்தது பணம். எம்.ஜி.ஆரை வைத்துச் சந்திரபாபு தொடங்கிய 'மாடி வீட்டு ஏழை' பாதியில் நின்றது. போட்ட பணம் போனது, ஆசையாகக் கட்டிய வீடும் தங்கவில்லை. 1966இல் 'தட்டுங்கள் திறக்கப்படும்' படத்தை இயக்கியும் நிமிர முடியவில்லை. 1974 மார்ச் 8 அன்று, 46 வயதில் காலமானார். அத்தனை பெரிய கலைஞருக்கு இது நடந்திருக்கக் கூடாது.

ஆகவே சொந்த வீட்டை எந்தப் படத்துக்கும் அடகு வைக்காதீர்கள். திருவிழா ஆட்டமானாலும் தேதி, சம்பளம், முன்பணம், வண்டிச் செலவு எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள். பாட்டுப் பதிவு செய்தால் உரிமைத்தொகை பற்றிய பத்தியைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். 2012இல் திருத்திய பதிப்புரிமைச் சட்டம், வணிகத்துக்குப் பயன்படும் பாட்டில் பாடகருக்கும் பங்கு உண்டு என்கிறது. கூத்து ஆடுகிறவர்கள் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிந்து அடையாள அட்டை வாங்கிக்கொள்ளுங்கள்.

ஐப்பசியில் மழை இறங்கி அளத்து வேலை நிற்கும். அந்த வாரமே ஒரு நாள் விழுப்புரத்துக்குப் பேருந்து ஏறி, இசைப்பள்ளியில் அடுத்த சேர்க்கை எப்போது என்று கேட்டு வாருங்கள்.