படியும் தராசும்

ஒரு படி அரிசியும் ஒரு படி பொரியும் அடைத்துக்கொள்ளும் இடம் ஒன்றே. தராசில் இட்டாலோ அரிசித் தட்டே தாழும். படி அளப்பது கன அளவை. தராசு அளப்பது நிறையை. கடைப் பேச்சில் 'எடை' என்பதும் இந்த நிறையையே. நிறையைக் கன அளவால் வகுத்தால் கிடைப்பது அடர்த்தி.

இவ்விரண்டனுள் எதை நம்பிப் பொருள் வாங்குவது? சமையல் எண்ணெயை எடுத்துக்கொள்வோம். சூடேறினால் எண்ணெய் விரியும், நிறை மாறாது. ஆதலின் ஒரு லிட்டர் சோயா எண்ணெய் 21 டிகிரி செல்சியஸில் 919 கிராம் இருக்கும். 60 டிகிரியிலோ 892.6 கிராம்தான். உறையில் '60 டிகிரியில் ஒரு லிட்டர்' என்று பொறித்துவிட்டால், 26 கிராம் குறைத்து நிரப்பியும் கணக்கை நேர் செய்துவிடலாம்! உற்பத்தியாளர் சிலர் அவ்வாறே பொறித்தும் வந்தனர். 2022இல் ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை குறுக்கிட்டது. வெப்பநிலையைக் குறியாமல் கன அளவைப் பொறிக்க வேண்டும்; உடன் நிறையையும் காட்ட வேண்டும் என்று பணித்தது. திருத்திக்கொள்ள 2023 ஜனவரி 15 வரை தவணை தந்தது.

பெங்களூரில் அறை எடுத்துத் தாமே சமைத்துண்ணும் நண்பர்கள் இதை நினைவிற் கொள்வது நலம். எண்ணெய் உறையில் 'ஒரு லிட்டர்' என்பதன் அருகே, 910 கிராம் என்பது போல, ஓர் எண் இருக்கும். விலையை அந்த எண்ணால் வகுத்துப் பாருங்கள். இரண்டு உறைகளுள் எது உண்மையில் மலிவு என்பது அப்போது விளங்கும்.