காயமுற்றவன் பகைவன் அல்லன்

அன்புள்ள தங்கைக்கு,

உன் செவிலியர் பயிற்சி செவ்வனே நடைபெறுவதறிந்து மகிழ்ச்சி. யுத்தம் நடக்கும் ஊரிலுள்ள ஆஸ்பத்திரியில் எதிரிப் படைவீரன் ஒருவன் சிகிச்சை பெறுவானாயின், அந்த ஆஸ்பத்திரியைத் தாக்குவது நியாயமாகிவிடுமா என்று கேட்டிருந்தாய். ஆகாது என்பதே விடை. ஆயினும் அவ்விடை பிறந்த வரலாற்றை அறிந்தால்தான் அது உன் நெஞ்சில் நிலைக்கும்.

1859 ஜூன் 24-ஆம் நாள், வட இத்தாலியில் சோல்ஃபெரினோ என்னும் ஊரருகே பிரெஞ்சு, சார்டினியப் படைகள் ஆஸ்திரியப் படையோடு பொருதன. வேறொரு காரியமாக அப்பக்கம் வந்திருந்த ஜெனீவா வணிகர் ஹென்றி துனான், அண்டையூரான காஸ்திலியோனேயின் மாதா கோவில்களில் தண்ணீருக்காகக் கதறிக் கிடந்த வீரர்களைக் கண்டு மனமுருகி, அவ்வூர்ப் பெண்களோடு சேர்ந்து, இன்ன நாட்டான் என்று பாராமல் நீர் புகட்டினார். புண்களைக் கழுவிக் கட்டினார். அந்த அனுபவத்தை அவர் நூலாக எழுதி வெளியிட்டதன் பயனாகவே செஞ்சிலுவை இயக்கமும், 1864-இல் முதலாவது ஜெனீவா உடன்படிக்கையும் தோன்றின. இன்று உலக நாடுகளைக் கட்டுப்படுத்துபவை 1949-இல் இயற்றப்பட்ட நான்கு உடன்படிக்கைகள்.

இவற்றின் சாரம் இதுதான்: காயமுற்றுப் போரிடுவதை விட்டவன், எக்கட்சியைச் சேர்ந்தவனாயினும், அக்கணமே நோயாளியாகிவிடுகிறான், வைத்தியருக்கும் ஆம்புலன்ஸுக்கும் ஆஸ்பத்திரிக்கும் உள்ள பாதுகாப்பெல்லாம் அவன் பொருட்டு ஏற்பட்டதே. அவனிடமிருந்து வாங்கிய துப்பாக்கி இன்னும் உரியவரிடம் ஒப்படைக்கப்படாமல் உள்ளே இருப்பதால்கூட அப்பாதுகாப்பு நீங்காது. ஆஸ்பத்திரியைப் போர்த்தளமாக்கி எதிரிக்குத் தீங்கிழைத்தால் மட்டுமே அது நீங்கும். அப்போதும் எச்சரிக்கை விடுத்து, தக்க அவகாசம் தந்து, அவ்வெச்சரிக்கை பயனற்றுப்போன பின்னரே தாக்கலாம். அந்நிலையிலும் உள்ளிருக்கும் நோயாளிகளை மறப்பதற்குச் சட்டம் இடந்தருவதில்லை.

விதி இருந்தும் அநீதி நிகழ்கிறதே என்பாய். ஆப்கானிஸ்தானத்தின் குந்தூஸ் நகரில், எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் ஆஸ்பத்திரியில், ஆயுதத்தோடு எவரும் நுழையலாகாது என்ற நியமத்தின்கீழ் அங்கே போரிட்ட இரு தரப்பு வீரர்களும் ஒரே கூரையின்கீழ்ச் சிகிச்சை பெற்றுவந்தனர். அதன் இருப்பிடம் முன்கூட்டியே படையினருக்குத் தெரிவிக்கப்பட்டிருந்தும், 2015 அக்டோபர் 3 அதிகாலையில் அமெரிக்கப் போர் விமானம் அதைத் தாக்க, நோயாளிகளும் ஊழியர்களும் துணைக்கு வந்திருந்தோருமாக 42 பேர் மாண்டனர். வேறு கட்டடமென்று தவறாகக் கருதியதே காரணமென அமெரிக்க இராணுவ விசாரணை கூறிற்று. 16 பேர்மீது துறைவழி நடவடிக்கை எடுக்கப்பட்டது. குற்ற வழக்கு ஒருவர்மீதும் தொடரப்படவில்லை. தாக்குமுன் இலக்கைச் சரிபார்ப்பது படைத்தலைவனின் தயவன்று, கடமை என்பதையும், அக்கடமை தவறியவனைச் சுதந்திரமான நீதிமன்றம் விசாரிக்காதவரை சட்டத்தின் கை குறுகியதாகவே இருக்கும் என்பதையும் இந்நிகழ்ச்சி நமக்கு உணர்த்துகிறது.

ஜெனீவா உடன்படிக்கைகளை யுத்த காலத்தில் மட்டுமன்றிச் சமாதான காலத்திலும் மக்களிடையே, சிறப்பாக மருத்துவப் பணியாளரிடையே, பரப்பவேண்டும் என்று அவையே விதிக்கின்றன. காயமுற்றவருக்குப் பணிவிடை செய்த குற்றத்துக்காக எவரையும் தண்டிக்கலாகாது என்பது உனக்குரிய அபயம். முதலில் யாரைக் கவனிப்பது என்பதை நோயின் அவசரம் ஒன்றே நிர்ணயிக்கவேண்டும் என்பது உனக்குரிய கடமை. அபயத்தைக் கேட்டுப் பெறும் உரிமை, கடமையைத் தவறாதவருக்கே முழு வலிமையோடு வாய்க்கும். ஆதலால் உன் பாடநூல்களோடு இவ்விதிகளையும் சேர்த்துப் படிப்பாயாக. உடன் பயிலும் தோழியருக்கும் எடுத்துச் சொல்வாயாக.

அன்புள்ள அண்ணன்