பொம்மைக்குள் ஒரு பட்டறை

(மூன்றாமாண்டு இயந்திரவியல் மாணவன்)



ஆண்டு மலருக்கு 'வெல்டிங் குறைபாடுகள்' பற்றி எழுதித் தருவதாகத்தான் ஒப்புக்கொண்டிருந்தேன். கடைசியில் எழுதியிருப்பதோ ஒரு பொம்மைப் படத்தைப் பற்றி! சிரிக்காமல் படியுங்கள். இதிலும் கணக்கு வருகிறது, மோல்டு வருகிறது, லேத்தும் வருகிறது.

படத்தின் பெயர் 'டாய் ஸ்டோரி'. 1995 நவம்பரில் அமெரிக்காவில் வெளியானது. முழுக்க முழுக்கக் கம்ப்யூட்டரிலேயே உருவான முதல் முழுநீளப் படம். இயக்கம் ஜான் லாஸட்டர், தயாரிப்பு பிக்ஸார். நான் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது சித்தப்பா வீட்டு டிவிடியில் பார்த்தேன். இங்கிலீஷ் ஒரு வார்த்தை புரியாது. இருந்தும் அந்த லீவில் பத்து தடவையாவது பார்த்திருப்பேன். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: ஆண்டி என்ற பையனிடம் வுடி என்ற துணி பொம்மை இருக்கிறது. பிறந்தநாளன்று பஸ் (ஏறிப் போகிற பஸ் அல்ல!) என்ற விண்வெளி வீரன் பொம்மை வந்து சேருகிறது. வுடி கெட்டவன், பஸ் நல்லவன், பக்கத்து வீட்டு ஸிட் ராட்சசன்.

போன லீவில், இன்ப்ளான்ட் ட்ரெய்னிங் முடிந்து வந்த வாரத்தில், அக்கா பையனுக்காக அதே படத்தை லேப்டாப்பில் போட்டேன். அவன் பாதியிலேயே தூங்கிவிட்டான். நான் தூங்கவில்லை.

முதலில் கணக்கைப் பார்ப்போம். படத்தில் மொத்தம் 1,14,240 ஃப்ரேம்கள். வினாடிக்கு 24 என்று வகுத்தால் 79 நிமிடம் 20 வினாடி. ஒவ்வொரு புள்ளியிலும் வெளிச்சம் எவ்வளவு, நிழல் எங்கே, நிறம் என்ன என்று கணக்கிட்டுப் படமாக்குவதற்குப் பெயர் ரெண்டரிங். ஒரு ஃப்ரேமுக்கு 45 நிமிடத்திலிருந்து 30 மணி நேரம் வரை பிடித்திருக்கிறது. எல்லா ஃப்ரேமும் 45 நிமிடத்திலேயே முடிந்திருந்தாலும், ஒரே கம்ப்யூட்டர் என்றால் 85,680 மணி நேரம். அதாவது ஏறக்குறைய பத்து வருஷம்! அதனால்தான் 117 சன் கம்ப்யூட்டர்களை வரிசையாக வைத்து இரவு பகலாக ஓட்டினார்கள். இந்தத் துறைக்கு வழிபோட்ட எட்வின் காட்மல், பாட் ஹான்ரஹான் இருவருக்கும் 2019ஆம் ஆண்டுக்கான ட்யூரிங் விருது கிடைத்தது. கம்ப்யூட்டர் பிரிவு நண்பர்கள் குறித்துக்கொள்க.

பொம்மைகளை ஏன் கதாநாயகர்களாக்கினார்கள்? அன்றைய கம்ப்யூட்டருக்கு பிளாஸ்டிக் மாதிரி வழுவழுப்பான பரப்பு சுலபம். தோலும் முடியும் கஷ்டம். ஆண்டியின் முகத்தை இன்று பாருங்கள், பொம்மை முகத்தைவிட செயற்கையாக இருக்கும். தனக்கு எது வருமோ அதற்கேற்ற கதையை எடுத்த புத்திசாலித்தனம் எனக்குப் பிடித்திருக்கிறது.

பச்சை நிற சோல்ஜர் பொம்மைகளை மறக்க முடியுமா? இரண்டு காலும் ஒரே தகட்டில் ஒட்டியிருக்கும். அது எப்படி நடக்கும்? படம் செய்தவர்கள் ஒரு பலகையில் ஷூவை ஆணியடித்து, அதில் காலை நுழைத்து நடந்து பார்த்திருக்கிறார்கள்! நம்ம லேப் அஸிஸ்டென்ட் அண்ணன் செய்து காட்டுவாரே, அந்த ரகம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ட்ரெய்னிங்கில் என்னை நிறுத்தியது ஒரு இன்ஜெக்ஷன் மோல்டிங் மெஷினில். ஹாப்பரில் பிளாஸ்டிக் குருணை விழும், பேரலில் உருகும், ஸ்க்ரூ அதை டைக்குள் தள்ளும், ஆறியதும் எஜெக்டர் பின் வெளியே தள்ளும். முப்பத்தைந்து வினாடிக்கு ஒரு மூடி. பிசிறைக் கத்தியால் சீவி, எண்ணி, ட்ரேயில் அடுக்குவது என் வேலை. ஷிப்டுக்கு எண்ணூறு மூடி. மூணு வருஷம் படிச்சது இதுக்கா என்று நாலாவது நாள் பாத்ரூமில் நின்று அழுதேன். இதை வீட்டில்கூடச் சொன்னதில்லை.

படத்தில் பஸ் தன்னை நிஜமான விண்வெளி வீரன் என்றே நம்புகிறான். ஸிட் வீட்டு டிவியில் தன்னைப் பற்றிய விளம்பரம் ஓடுகிறது. பிறகு தன் கையிலுள்ள மூடியைத் திறந்தால், தைவானில் செய்யப்பட்டது என்று எழுதியிருக்கிறது. மோல்டில் வார்த்த பொருளில் எழுத்து வரவேண்டுமென்றால் டையில் அதைக் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி வெட்டியிருக்க வேண்டும். ஒரே ஒரு பொம்மைக்காக யாரும் டை வெட்டமாட்டார்கள். சின்ன வயதில் அந்த எழுத்தை நான் கவனித்ததே இல்லை. அதற்குப் பிறகு அவன் மாடிக் கைப்பிடியிலிருந்து பறக்கப் பார்த்து விழுவதும், கை கழன்று கிடப்பதும்தான் ஞாபகம். இந்தத் தடவை அந்த இடத்தில் லேப்டாப்பை நிறுத்திவிட்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டேன்.

வுடி மேலும் எனக்கு இப்போது கோபமில்லை. முதலில் எழுதிய கதையில் வுடி மகா கொடூரமானவனாம். பஸ்ஸை வேண்டுமென்றே ஜன்னல் வழியாகத் தள்ளுவானாம். 1993 நவம்பரில் போட்டுப் பார்த்த டிஸ்னி நிறுவனத்தார் வேலையையே நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். திருத்தி எழுதிய பிறகுதான் இப்போதுள்ள வுடி கிடைத்தான். பஸ்ஸை மேஜைக்குப் பின்னால் விழவைக்க நினைக்கிறான், அது ஜன்னலில் போய் முடிகிறது. கயிற்றை இழுத்தால் பேசுகிற பழைய பொம்மைக்கு, பட்டனும் லைட்டும் வைத்த புதுப் பொம்மையைப் பார்த்தால் வயிறு எரியாதா?

எங்கப்பா டர்னர். இருபத்திரண்டு வருஷம் ஒரே லேத். பட்டறைக்கு சி.என்.சி. மெஷின் வந்ததும் அதில் இரண்டு பையன்களை நிறுத்தினார்கள். அப்பாவின் லேத் மூலைக்குப் போயிற்று. அந்தப் பையன்களோடு அப்பா ஒரு வருஷம் பேசவில்லை. "என்னப்பா சின்னப்புள்ள மாதிரி" என்று நானே சண்டை போட்டிருக்கிறேன். அடுத்த ஜூனில் நானும் ஏதோ ஒரு பட்டறையில் சி.என்.சி. முன்னால் நிற்பேன். அங்கேயும் மூலையில் ஒருவர் இருப்பார்.

ஸிட்டை விட்டுவிடக் கூடாது. டூல் பாக்ஸ், ராக்கெட் எல்லாம் வைத்திருக்கிற அவன் நம்ம ஆள்தான். கழற்றத் தெரியும், மாட்டத் தெரியாது. அவன் பிய்த்து ஒட்டிய பொம்மைகள், அதிலும் இரும்புக் கால்களில் ஊர்ந்து வரும் குழந்தைத் தலை, என்னைப் பல ராத்திரி பயமுறுத்தியிருக்கின்றன. பஸ்ஸைத் தின்ன வருகின்றன என்றுதான் நானும் நினைத்தேன், வுடியும் நினைக்கிறான். அவை வந்ததோ பஸ்ஸின் கையைச் சரிசெய்ய!

மாடியிலிருந்து இறங்கி வந்தால், லேப்டாப் முன்னால் அப்பா நின்றுகொண்டிருந்தார். திரையில் பஸ் கை கழன்று கிடந்தான். கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"ஒடையலடா இது. ஜாயின்ட்டுதான் கழண்டிருக்கு. அழுத்தினா உக்காந்துடும்" என்றார்.

"அப்படித்தாம்ப்பா படத்துலயும் பண்ணுவாங்க. உக்காருங்க."

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.