சத்து மாத்திரையும் சுப்பாராவும்



ஆவடி சுற்றுவட்டாரக் கிராமங்களில் கர்ப்பிணிகளுக்கு நர்சம்மா தரும் சிவப்பு மாத்திரை நமக்கெல்லாம் தெரியும். "குமட்டுது, மலம் கறுப்பாப் போகுது" என்று அதைப் பரண்மேல் போட்டுவிடுகிறவர்கள் நம் குழுக்களிலேயே உண்டு. அதில் இரும்புச் சத்தோடு போலிக் அமிலமும் இருக்கிறது. அந்தப் போலிக் அமிலத்தை ஆய்வுக்கூடத்தில் தயாரித்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர், நம்ம மெட்ராஸில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ்.

1895-ல் பீமவரத்தில் பிறந்தவர். மெட்ரிகுலேஷனில் இரண்டு தடவை பெயில். அம்மா வெங்கம்மா நகையை விற்றுப் படிக்க வைத்தார். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து மூன்றாவது தடவை பாஸ் செய்து, பிறகு மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். உடன்பிறந்த இருவர் ஸ்ப்ரூ என்ற வயிற்றுப்போக்கு நோயில் அடுத்தடுத்து இறந்தார்கள். அதே நோய் இவரையும் பிடித்து, பிழைத்தார்.

1922-ல் அமெரிக்கா போனவர், கைச்செலவுக்கு ஆஸ்பத்திரியில் இரவு வேலை பார்த்தார். நோயாளிகளின் கழிவுப் பாத்திரம் கழுவுகிற வேலை. 1940-ல் லெடர்லி மருந்துக் கம்பெனியில் சேர்ந்து, ஆராய்ச்சிப் பிரிவுக்கே இயக்குநரானார். 1945-ல் போலிக் அமிலம் தயாரானது. உடன்பிறந்தவர்களைக் கொன்ற அந்த ஸ்ப்ரூவுக்கும் அதுவே மருந்தானது. யானைக்கால் நோய்க்கு வீடு வீடாகக் கொடுத்த டி.இ.சி. மாத்திரையும் அவர் குழுவின் வேலைதான். 1948-ல் இறந்தார், ஊருக்குத் திரும்பவே இல்லை. காத்திருந்த மனைவி சேஷகிரியை யாரும் அதிகம் பேசுவதில்லை. எங்களுக்கு அது வருத்தம்தான்.

போலிக் அமிலம் என்ன செய்கிறது? புது ரத்த அணு உருவாக அது வேண்டும். கரு உண்டான முதல் 28 நாளுக்குள் குழந்தையின் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் அடித்தளம் அமைகிறது, அதற்கும் வேண்டும். அந்த நாட்களில் நமக்கே கர்ப்பம் தெரியாது! அதனால்தான் குழந்தைக்குத் திட்டமிடும்போதே சாப்பிடச் சொல்கிறார்கள். கீரையிலும் உண்டு, ஆனால் ரொம்ப நேரம் வேகவைத்தால் பாதி போய்விடும்.

முதல் மூன்று மாதம் போலிக் அமிலம் மட்டும். நான்காம் மாதத்திலிருந்து இரும்புச் சத்தோடு சேர்ந்த மாத்திரை, தினம் ஒன்று, 180 நாள். டீ, காபி, பாலோடு வேண்டாம். கால்சியம் மாத்திரையோடும் சேர்க்க வேண்டாம். எலுமிச்சை ஜூஸ் நல்லது. மலம் கறுப்பது இரும்பினால், பயம் வேண்டாம். குமட்டினால் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் போடுங்க. அப்படியும் நிற்காவிட்டால் நர்சம்மாவிடம் சொல்லுங்க. அடுத்த குழுக் கூட்டத்துக்குக் கர்ப்பிணி உறுப்பினர்கள் மாத்திரை அட்டையைக் கொண்டு வரட்டும், மீதி எத்தனை என்று சேர்ந்து எண்ணிப் பார்ப்போம்.