இல்லறத்தின் மாலைப் பொழுது

உழவன் ஏர் அவிழ்க்கும் நேரம் உண்டு. நெசவாளன் தறியை நிறுத்தும் நேரம் உண்டு. அரசுப் பணியில் இருப்போர்க்கோ அந்நேரத்தை அரசே குறித்துக் கொடுக்கிறது. தமிழ்நாட்டில் நெடுங்காலம் 58 வயதில் பணி ஓய்வு அளிக்கப்பட்டு வந்தது. 2020ஆம் ஆண்டில் அது 59 ஆகவும், அடுத்த ஆண்டில் 60 ஆகவும் உயர்த்தப்பட்டது. பணி நிறைவு நாளன்று மாலையிட்டுச் சால்வை போர்த்துப் பாராட்டி வீடுவரை கொண்டுவந்து விடுவர். மறுநாட் காலையில் என்ன செய்வது என்பதைச் சொல்லிக் கொடுப்பார் எவரும் இலர்.

மாணவர்களே! அந்த மறுநாட் காலையைப் பற்றிப் பேசுவதே இப்பாடம். உங்களுக்கு அது மிகத் தொலைவில் உள்ளது. ஆயினும் உங்கள் இல்லங்களிலே பாட்டனாரும் பாட்டியாரும் அதனைக் கண்டவராய் இருக்கிறார்கள் அல்லரோ?

முதுமைக்கு ஊதியம் என்பது உலகில் மிகப் பழைய வழக்கம் அன்று. பிரிட்டனில் 1908ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, 1909 சனவரி முதல் நாள் தொடங்கி, 70 வயது நிரம்பிய ஏழை முதியோர்க்கு வாரத்திற்கு ஐந்து ஷில்லிங் வரை வழங்கலாயினர். அதற்கு முன்னர், கைப்பொருள் இல்லாதவர் கை ஓயும்வரை உழைத்தே தீரவேண்டியிருந்தது. ஓய்வுக் காலம் என்னும் தனிப் பருவம் எளியோர் வாழ்விலும் தோன்றியது அண்மைக் காலத்திலேதான்.

ஆனால் அப்பருவத்தைப் பற்றிய சிந்தனை நம் மொழியில் மிகப் பழையது. தொல்காப்பியர் கற்பியலில், இன்பம் நுகர்ந்து நிறைந்த இறுதிக் காலத்தில் தலைவனும் தலைவியும் மக்களோடும் சுற்றத்தோடும் கூடிச் சிறந்தவற்றைப் பயின்று வாழ்வதே கடந்துபோன வாழ்வின் பயன் என்று கூறுகிறார். உரையாசிரியர்கள் இதற்குத் துறவு, வீடு என்று பலவாறு பொருள் விரிப்பர். அஃது ஒருபுறம் இருக்க, நாம் கருதத்தக்கது ஒன்று உண்டு. அவர் தலைவனை மட்டும் கூறி நிறுத்தவில்லை. தலைவியையும் உடன் கூறினார். இருவரும் பயில வேண்டும் என்றார். இக்காலத்து இல்லங்களில் அவ்வாறு நிகழ்கின்றதா?

விருதுநகர் மாவட்டத்தில் வத்திராயிருப்பை அடுத்துள்ளது வ. புதுப்பட்டி. மேற்கே நிமிர்ந்து நோக்கினால் மலைத்தொடர். சுற்றிலும் கண்மாய்களும் வயல்களும் தென்னந்தோப்புகளும் உள்ளன. இவ்வூரில் தொடக்கப்பள்ளித் தலைமை ஆசிரியராய் இருந்து ஓய்வு பெற்ற ஒருவரை யான் நன்கு அறிவேன். பணியில் இருந்த நாளில் அவர்தம் மிதிவண்டி மணி கேட்டால் தெருவில் கோலி ஆடும் பிள்ளைகள் மறைந்துவிடுவார்கள். ஓய்வு பெற்ற பின்னர் அவர்க்கு ஆளுவதற்குப் பள்ளி இல்லை. ஆதலால் அடுக்களையை ஆளத் தொடங்கினார். பருப்பு வேகும் முன்னரே உப்பு இட்டது ஏன் என்றும், அஞ்சறைப் பெட்டியில் கடுகிற்கு அடுத்துச் சீரகம் இருத்தலே முறை என்றும் அவர் உரைக்கலாயினர். ஒரு நாள் ஐந்து முறை காப்பி கேட்டார். ஐந்தாம் முறை அம்மையார் குவளையை வைத்துவிட்டு, “நீங்கள் ஓய்வு பெற்றுவிட்டீர்கள். எனக்கு எந்த ஆண்டு ஓய்வு?” என்று வினவினார். நாற்பதாண்டு வினாக்கள் விடுத்துப் பழகிய ஆசிரியர் அன்று விடை சொல்லாமல் திண்ணைக்குப் போய்விட்டார்.

இவர்தம் மகன் ஸ்காட்லாந்து நாட்டிலுள்ள கிளாஸ்கோ நகரில் பொறியாளராய்ப் பணிபுரிகின்றார். அவர் அழைப்பை ஏற்று, ஒரு மே மாதத்தில் முதியோர் இருவரும் அங்குச் சென்று அக்டோபர் வரை தங்கினர். திரும்பி வந்த பின் ஆசிரியர் திண்ணையில் அமர்ந்து பல மாலைகள் எனக்குக் கூறியவற்றைச் சுருக்கி எழுதுகின்றேன்.

முதலில் அவர்களைத் திகைக்க வைத்தது கதிரவன்தான். சூன் மாதத்தில் அங்கு இரவு பத்து மணிக்குத்தான் பொழுது சாய்கிறது. விடியற்காலை நாலரை மணிக்கு மீண்டும் எழுந்துவிடுகிறது. விளக்கேற்றும் நேரம் எது என்று தெரியாமல் அம்மையார் பெரிதும் இடர்ப்பட்டார். திசம்பரிலோ இதற்கு நேர்மாறு. காலை எட்டே முக்கால் மணிக்கு விடிந்து பிற்பகல் மூன்றே முக்காலுக்கு இருட்டிவிடும். இத்தகைய நாட்டில் வீட்டினுள் அடைந்து கிடக்கும் முதியவர்க்குப் பொழுதுபோக்கு என்பது ஆடம்பரம் அன்று, மருந்து என்றே கூறலாம்.

அண்டை வீட்டில் எழுபது வயதைத் தாண்டிய இணையர் இருவர் வாழ்ந்தனர். முதியவர் கிளைட் ஆற்றங்கரையில் கப்பல் கட்டும் துறையில் உழைத்தவர். அவர்தம் மனைவியார் மருத்துவமனையில் செவிலியாய்ப் பணியாற்றியவர். இருவர்க்கும் தனித்தனியே ஓய்வூதியம் உண்டு. நாள்தோறும் இரவு உணவிற்குப் பின், பலகணி வழியே தெரியுமாறு நின்று, அம்முதியவர் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருப்பார். அம்மையார் இதனை முதல் நாள் வியப்போடு கண்டார். மறுநாள் ஆசிரியரை அழைத்துக் காட்டினார். மூன்றாம் நாள் ஒன்றும் பேசாமல் அப்பலகணியின் பக்கம் பார்த்துக்கொண்டு மட்டும் நின்றார். “அந்த மூன்றாம் நாள்தான் எனக்குத் தைத்தது” என்றார் ஆசிரியர். அவ்வீட்டில் ஓய்வு பெற்றவர் இருவர். தம் வீட்டில் ஒருவரே என்பதை அவர் அப்பொழுது உணர்ந்தார்.

அங்குள்ள ஆடவர் அனைவரும் இத்தகையர் என்று எண்ணிவிடலாகாது. அந்நாட்டிலும் வீட்டு வேலையில் பெரும்பங்கு பெண்டிர் தலைமேலதே. நல்லதைக் கண்டவிடத்து அந்த ஒன்றைக் கொள்ளுதல் போதும்.

அம்முதியவர் தோட்டக்கலையில் நாட்டமுடையவர். வீட்டோடு நிலம் இல்லாதோர்க்கு ஊராட்சி மன்றங்கள் சிறு நிலத்துண்டுகளை ஆண்டு வாடகைக்கு அளிக்கும் வழக்கம் அங்கு உண்டு. 2015ஆம் ஆண்டின் ஸ்காட்லாந்துச் சட்டம் அத்தகைய துண்டின் அளவை 250 சதுர மீட்டர் என்று வகுத்துள்ளது. நம் கணக்கில் அஃது ஆறு சென்டுக்குச் சற்று மிகுதி. நிலம் வேண்டி எழுதிக் கொடுத்தவரை ஐந்தாண்டுக்கு மேல் காத்திருக்க விடாதவாறு முயலுதல் மன்றத்தின் கடமை என்றும் அச்சட்டம் கூறுகிறது. அவ்வாறு பெற்ற நிலத்தில் உருளைக்கிழங்கும் பட்டாணியும் கோசுக்கீரையும் பயிரிட்டு, விளைந்ததில் ஒரு பையை நம்மவர் வாயிலில் வைத்துவிட்டுப் போவார் முதியவர்.

ஆசிரியர் சும்மா இருப்பாரா? அந்நகரத்து இந்தியப் பண்டக்கடையில் வாங்கிய மொச்சையில் நான்கு விதைகளைத் தொட்டியில் ஊன்றி வெயில் விழும் பலகணியில் வைத்தார். கொடி விட்டம்வரை ஏறிற்று, இலை செழித்தது, ஒரு பூவும் பூக்கவில்லை. நம் நாட்டு மொச்சை வகைகளுள் பல, பகற்பொழுது குறுகும் பருவத்திலேதான் பூக்கும் இயல்புடையவை. ஆடியில் ஊன்றிய கொடி நம் ஊரில் மார்கழி, தை மாதங்களில் காய்த்துக் குலுங்குவது இதனால்தான். பதினேழு மணி நேரம் வெளிச்சம் காணும் கிளாஸ்கோவின் வேனிலில் அஃது எங்ஙனம் பூக்கும்? ஸ்காட்லாந்து முதியவர் கொடியைத் தடவிப் பார்த்து நெடுநேரம் சிரித்தாராம்.

செவிலி அம்மையாரின் பொழுதுபோக்குகள் இரண்டு. ஒன்று கம்பளி பின்னுதல். மற்றொன்று, கத்தரித்த பசும்புல் தரையில் சிறு வெள்ளைப் பந்து ஒன்றை உருட்டிவிட்டு, அதற்கு மிக அண்மையில் தம் பெரிய உருண்டைகளைச் சென்று நிற்கச் செய்யும் ஆட்டம். ஏறத்தாழ நம் கோலி ஆட்டம் போன்றதுதான். ஆனால் அவ்வுருண்டை நேரே ஓடாமல் ஒருபுறம் சாய்ந்து வளைந்து ஓடுமாறு செய்யப்பட்டது. இதற்குரிய விதிகளைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் தொகுத்தவர் கிளாஸ்கோ நகரத்து வில்லியம் மிட்செல் என்பவர். ஆட்டத்திடலுக்கு அம்மையார் பேருந்திலேயே செல்வார். அறுபது வயது நிறைந்தோர்க்கு ஸ்காட்லாந்தில் 2006ஆம் ஆண்டு முதல் பேருந்தில் கட்டணம் இல்லை.

புதுப்பட்டி அம்மையார்க்கு ஆங்கிலம் வராது. அந்த அம்மையார்க்குத் தமிழ் வராது. ஆயினும் நம்மவர் ஒயர்க் கூடை பின்னுவதில் வல்லவர். கையோடு கொண்டு சென்றிருந்த நீலமும் வெள்ளையுமான ஒயர்க் கட்டுகளைப் பிரித்து அவர் நெல்லிக்காய் முடிச்சுப் போட்டுக் காட்ட, அவர் கம்பளியில் புள்ளியும் கோடுமாய்ப் பின்னிக் காட்ட, இருவரும் பகல் முழுவதும் பேசாமலே பேசிக்கொண்டிருந்தனர். பெயரன் மொழிபெயர்க்க வந்தபோது, வேண்டாம் போ என்று கையசைத்துவிட்டனராம்.

‘மேனாட்டில் முதியோரைக் கேட்பார் இல்லை, நம் நாட்டில் கூட்டுக் குடும்பம் உண்டு’ என்று மேடைகளில் முழங்குவோர் உளர். யான் அதனை முழுதும் ஏற்பதற்கில்லை. அண்டை வீட்டு முதியோரின் மகளார் ஞாயிறு தவறாமல் வந்து உணவருந்திச் சென்றார். புதுப்பட்டியிலோ, பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் கடல் கடந்தும் வாழ, பூட்டிய அறைகள் நான்கும் திறந்த அறை ஒன்றுமாய் இருக்கும் வீடுகள் பல. தனிமைக்கு நாட்டு எல்லை இல்லை. இருவருள் ஒருவர் மறைந்தபின் மற்றவர் என் செய்வார் என்னும் அச்சம் இரண்டு ஊரிலும் ஒன்றே. அதை வாய்விட்டுச் சொல்பவர் இரண்டு ஊரிலும் அரியர்.

ஊர் திரும்பிய ஆசிரியர் மூன்று ஏற்பாடுகள் செய்தார். காலைக் காப்பி தம் பொறுப்பு. இரவுப் பாத்திரங்களும் தம் பொறுப்பு. மாலை நான்கு முதல் ஆறுவரை அம்மையாரை எவரும் எதற்கும் அழைக்கலாகாது. தெருவார் சிரித்தனர், அவர்தம் தங்கையார் வந்து, “அண்ணனுக்கு இது வேண்டுமா அண்ணி?” என்று கண் கலங்கினார். காப்பி முதலில் கஷாயம் போன்றிருந்தது என்பதை யான் குடித்தே அறிந்தேன். இப்பொழுது பருகும்படி இருக்கிறது.

அந்த இரண்டு மணி நேரத்தில் அம்மையார் சில நாள் நூலகத்திற்குப் போவார். ஐந்தாம் வகுப்போடு நின்ற படிப்பு அங்கே கதைப்புத்தகங்களாய்த் தொடர்கிறது. சில நாள் பக்கத்துப் பெண்பிள்ளைகளுக்கு முடிச்சுக் கற்றுக் கொடுப்பார். சென்ற வாரம் யான் போனபோது, கிளாஸ்கோ அம்மையார்க்கு அனுப்புவதற்காகப் பெரிய கூடை ஒன்று திண்ணையில் வளர்ந்துகொண்டிருந்தது. ஆசிரியர் எதிரே அமர்ந்து ஒயரை முழம் போட்டு அளந்து வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். “கைப்பிடிக்கு இது போதாது, இன்னும் ஒரு முழம் விட்டு வெட்டுங்கள்” என்றார் அம்மையார். தலைமை ஆசிரியர் மறுபேச்சின்றி மீண்டும் அளந்தார்.