மண்டை ஓட்டில் எழுதியது யார்?

நம்பிக்கை: மண்டை ஓட்டிலுள்ள கோடுகள் பிரம்மன் எழுதிய எழுத்து.

தகனத்துக்கு மறுநாள் எலும்பு பொறுக்கப் போனவர்களுக்கு இந்தப் பேச்சு பழக்கமானதுதான். வெந்து வெளுத்த ஓட்டுத் துண்டொன்றில் நெளிநெளியாக ஒரு கோடு ஓடும். கூட வந்த பெரியவர் அதைக் காட்டி, “பார்த்தியா, அவன் தலையெழுத்து” என்பார். தோட்டத்திலிருந்து தாமான் எனப்படும் வீடமைப்புப் பகுதிக்குக் குடிபெயர்ந்த, மலேசியாவின் மாசாய் வட்டாரத் தமிழ்க் குடும்பங்களோடு இந்த நம்பிக்கையும் சேர்ந்தே வந்திருக்கிறது. அந்த வீட்டுப் பிள்ளை மருத்துவமோ தாதிமையோ படிக்கப் போனால், அதே கோட்டை வேறு கண்ணோடு பார்க்க வேண்டியிருக்கும்.

மண்டை ஓடு ஒரே எலும்பு அல்ல. மூளையை மூடியிருப்பவை 8, முகத்தில் இருப்பவை 14, மொத்தம் 22. இவற்றில் அசைவது கீழ்த்தாடை ஒன்றுதான். மற்றவை ஒன்றின் விளிம்போடு இன்னொன்று பல்லுக்குப் பல் கோத்துக்கொண்டு நிற்கின்றன. அந்தக் கோத்த இடமே கோடாகத் தெரிகிறது. உச்சந்தலையின் நடுவில் முன்னிருந்து பின்னாக ஒரு கோடு; முன்பக்கம் அதைக் குறுக்கே வெட்டும் இன்னொன்று; பிடரிப் பக்கம் கூரை முகடுபோல இரண்டாகச் சரிவது மூன்றாவது. ஓட்டின் மேல்மூடியைக் கழற்றி உள்பக்கம் திருப்பினால் வேடிக்கையான ஒன்று தெரியும். வெளியே அத்தனை நெளிவோடு ஓடும் அதே கோடு உள்ளே ஏறக்குறைய நேராகப் போகிறது. பிரம்மன் வெளியே மட்டும் எழுதிவிட்டு, உள்ளே கோடு போட்டதோடு நிறுத்திக்கொண்டார் போலும்.

ஒருவரின் நெளிவு இன்னொருவருக்கு அப்படியே வராது என்பது உண்மை. அதனால்தான் பார்ப்பவர்களுக்கு எழுத்தென்று தோன்றியிருக்க வேண்டும். ஆனால் இன்றைய மாணவர்களில் பலர் பார்ப்பது பிளாஸ்டிக் மண்டை ஓட்டை. மணிப்பாலுக்கும் சென்னைக்கும் போய்ப் படித்த மூத்த மலேசியத் தமிழ் மருத்துவர்கள் அசல் எலும்புகளை வைத்துப் படித்தவர்கள். அப்போது உலகத்துக்கே எலும்புக்கூடுகளை ஏற்றுமதி செய்தது இந்தியா; கல்கத்தா அந்த வணிகத்தின் தலைநகர். 1985இல் இந்திய அரசு ஏற்றுமதியைத் தடைசெய்தது. அதன்பின் பிளாஸ்டிக் வார்ப்புகளின் காலம். ஒரே அச்சில் வார்த்த நூறு மண்டை ஓடுகளுக்கும் ஒரே தலையெழுத்துதான்!

நம்பிக்கை: குழந்தையின் உச்சிக்குழியில் எண்ணெய் வைத்தால்தான் அது மூடும்.

எண்ணெய்க்கும் அதற்கும் தொடர்பில்லை. பிறக்கும்போது மண்டை ஓட்டின் எலும்புத் தகடுகள் ஒட்டாமல் இருப்பதால்தான் பிரசவப் பாதையில் தலை சற்றே ஒடுங்கி வெளியே வர முடிகிறது, பிறகு மூளை வளரவும் இடம் கிடைக்கிறது. பின்பக்கக் குழி இரண்டு மூன்று மாதத்திலும், முன்பக்கக் குழி பெரும்பாலும் ஒன்றிலிருந்து இரண்டு வயதுக்குள்ளும் தானாக மூடிவிடும். வயிற்றுப்போக்கோ வாந்தியோ இருக்கும் குழந்தைக்கு “உச்சி விழுந்துவிட்டது” என்றால் உடம்பில் தண்ணீர் குறைந்துவிட்டது என்று பொருள் கொள்ள வேண்டும். வாய்க்குள் விரலை விட்டு உச்சியைத் தூக்குகிற வைத்தியம் அங்கே உதவாது; கிளினிக்குக்குத்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

இவையெல்லாம் பாட்டிமார் கதை, படித்தவர்களுக்கு இந்தக் குறை இல்லை என்று நினைத்தால் அதுவும் ஒரு நம்பிக்கைதான். மனிதக் கீழ்த்தாடை இரண்டு எலும்புகளால் ஆனது என்று 2ஆம் நூற்றாண்டில் கிரேக்க மருத்துவர் கேலன் எழுதிவைத்தார். அவர் அறுத்துப் பார்த்தவை பெரும்பாலும் விலங்குகள். அவர் சொன்னதை ஆயிரம் ஆண்டுக்கு மருத்துவர்கள் ஒப்பித்தார்கள். 1200ஐ ஒட்டி எகிப்தில் கொடும் பஞ்சம் வந்தபோது, குவிந்து கிடந்த எலும்புகளிடையே அப்துல் லத்தீப் அல்பக்தாதி என்ற மருத்துவர் 2000க்கும் மேற்பட்ட தலைகளைப் பார்த்தார். எதிலும் தாடை இரண்டாக இல்லை. ஐரோப்பாவுக்கு இது உறைக்க 1543இல் உடற்கூறியலாளர் வெசாலியஸின் நூல் வர வேண்டியிருந்தது.

நம்பிக்கை: கழுத்தில் சொடக்கு விழுந்தால் எலும்பு இடத்தில் உட்கார்ந்துவிட்டது.

முடிவெட்டி முடித்ததும் தலையைப் பிடித்து இந்தப் பக்கம் ஒரு திருப்பு, அந்தப் பக்கம் ஒரு திருப்பு. ‘படக்’கென்று சத்தம் வந்தால்தான் சிலருக்குக் காசு கொடுத்த திருப்தி. அந்தச் சத்தத்தில் எலும்பு எதுவும் நகரவில்லை. மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் திடீரென அழுத்தம் குறைந்து வாயுக்குழி உண்டாவதன் ஓசை அது. 2015இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தினர் விரல் மூட்டுகளை எம்ஆர்ஐ கருவிக்குள் இழுத்து இதைப் படமாகவே எடுத்துக் காட்டினார்கள்.

கவலைப்பட வேண்டியது வேறொன்றைப் பற்றி. கழுத்தின் ஏழு முள்ளெலும்புகளில் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால், தண்டுவடம் போகும் நடுத்துளை போக, இரு பக்கமும் சிறு துளை ஒவ்வொன்று இருக்கும். மார்பிலோ இடுப்பிலோ உள்ள எந்த முள்ளெலும்புக்கும் இந்தத் துளை கிடையாது. ஆறாவது எலும்பிலிருந்து மேல்நோக்கி, இந்தத் துளைகள் வழியாகத்தான் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி ஏறுகிறது. முதல் எலும்பைத் தாண்டியதும் பின்பக்கமாக வளைந்து மண்டை ஓட்டுக்குள் நுழைகிறது. வெடுக்கென்று கழுத்தைத் திருப்பும்போது இந்தத் தமனியின் உள்சுவர் கிழிந்து, ரத்தம் கட்டி, பக்கவாதம் வந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. அபூர்வம்தான், ஆனால் முடிவெட்ட வந்த இடத்தில் அந்த ஆபத்தை ஏன் விலைக்கு வாங்க வேண்டும்? மலேசியாவின் 2016ஆம் ஆண்டு பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டத்தின் கீழ், முதுகெலும்பைக் கையால் அழுத்தித் திருப்பும் கைரோபிராக்டிக் ஓர் அங்கீகரிக்கப்பட்ட துறை. முடிதிருத்தும் நாற்காலி அந்தப் பட்டியலில் இல்லை.

நம்பிக்கை: சிசேரியனுக்கு முதுகில் போட்ட ஊசி தண்டுவடத்தைக் குத்தியதால்தான் இந்த முதுகுவலி.

பெரியவர்களுக்குத் தண்டுவடம் முதுகெலும்பின் அடிவரை நீள்வதில்லை. இடுப்புப் பகுதியின் முதல் அல்லது இரண்டாம் முள்ளெலும்போடு முடிந்துவிடுகிறது. ஊசி இறங்குவது அதற்கும் கீழே. இடுப்பெலும்பின் மேல்முகடு இரண்டையும் விரலால் தடவி, அவற்றுக்கு நடுவே கோடு இழுத்ததுபோல் வைத்துக்கொண்டால் அது நான்காவது எலும்பருகே போகும். மயக்கவியல் மருத்துவர் அதை வைத்தே இடம் பார்க்கிறார். அங்கே திரவத்தில் மிதக்கும் நரம்பிழைகள்தான் உண்டு. குத்திய இடத்தில் சில நாள் வலிக்கலாம், சிலருக்கு எழுந்து உட்கார்ந்தால் தலைவலி வரலாம். பல ஆண்டு நீடிக்கும் முதுகுவலிக்கும் அந்த ஊசிக்கும் ஆய்வுகளில் தொடர்பு தெரியவில்லை. கர்ப்பத்தில் இளகிய மூட்டுகளும், குனிந்து குனிந்து பிள்ளையைத் தூக்குவதுமே பெரும்பாலும் காரணம்.

“டிஸ்க் நழுவிடுச்சு” என்பதும் அப்படித்தான். முதுகெலும்பில் உள்ள 23 இடைத்தட்டுகளும் மேலும் கீழும் எலும்போடு இறுகப் பிடித்திருப்பவை. நழுவி ஓட வழியில்லை. வெளிவளையம் கிழிந்து உள்ளிருக்கும் கூழ் பிதுங்குகிறது, அவ்வளவே. பலருக்கு அது சில வாரங்களிலோ மாதங்களிலோ தானே சுருங்கிவிடும். ஆனால் சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போயாக வேண்டும்.