தொகுத்தலும் குன்றலும்: பாத்திரமேற்று ஆடும் ஆட்டங்களில் திறன்முறை

சுருங்கச் சொல்லல் நூலுக்கு அழகென்றும், குன்றக் கூறல் நூலுக்குக் குற்றமென்றும் நன்னூல் பயின்றார் யாவரும் அறிவர். இரண்டிடத்தும் குறைவதென்னவோ சொல்லே. ஆயினும் ஒன்று அழகாகவும் மற்றொன்று குற்றமாகவும் கொள்ளப்படுகின்றது. இவ்வேறுபாடு இலக்கணத்தோடு அமைவதன்று. நம் மாணவர் பலர் ஓய்வு வேளையிற் கணினியில் ஆடுகின்ற கற்பனையுலக ஆட்டங்களின் அமைப்பிலும் இதுவே பெரியதொரு வழக்காக நிற்கின்றது. அதனை ஈண்டு ஒருசிறிது ஆராய்வாம்.

இவ்வகை ஆட்டங்களில் ஆடுவோன் ஒரு பாத்திரத்தைத் தனக்கெனப் படைத்துக்கொள்கின்றான். அப்பாத்திரம் வாளில் வல்லதா, பூட்டுத் திறப்பதில் வல்லதா, பேச்சில் வல்லதா என்பதைக் காட்டுதற்கு ஒவ்வொரு திறனுக்கும் ஓர் எண் இடப்படும். அவ்வெண் உயருந்தோறும் பாத்திரத்தின் ஆற்றலும் உயரும். திறன்களின் தொகுதியே திறன்முறை எனப்படும். ஆடுவோன் அவ்வுலகில் யாராக வாழலாம் என்பதை வரையறுப்பது இதுவேயாம்.

இத்திறன்கள் எத்தனை இருத்தல் வேண்டும்? 'எல்டர் ஸ்க்ரோல்ஸ்' என்னும் ஆட்டவரிசை இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. 1996-இல் வெளிவந்த டேக்கர்ஃபாலில் 35 திறன்கள் இருந்தன. 2002-இல் வந்த மாரோவிண்டில் அவை 27 ஆயின. 2006-இல் வந்த ஒப்லிவியனில் 21. 2011-இல் வந்த ஸ்கைரிமில் 18. பதினைந்தாண்டில் ஏறத்தாழப் பாதி மறைந்தது. இது வளர்ச்சியென்பார் ஒரு சாரார். தேய்வென்பார் மற்றொரு சாரார். எண்ணை மட்டும் நோக்கி இவ்வழக்கைத் தீர்த்தல் இயலாது. மறைந்தவை எவை, மறைந்த விதம் யாது என்று ஒவ்வொன்றாக நோக்குதல் வேண்டும்.

முதலாவது, டேக்கர்ஃபாலில் ஓடுதலும் நீந்துதலும் தனித்தனித் திறன்கள். மாரோவிண்டில் அவை ஒரே திறனுள் அடங்கின. பாத்திரம் முன்போலவே ஓடுகின்றது, நீந்துகின்றது. செயல் ஒன்றும் அழிந்திலது. இது தொகுத்தல்.

இரண்டாவது, டேக்கர்ஃபாலில் பல்வகை உயிர்களின் மொழிகளுக்கென ஒன்பது திறன்கள் இருந்தன. அவற்றால் விளைந்த பயன், அவ்வவ்வுயிர் எதிர்ப்படுங்கால் பகை கொள்ளாதிருக்கக்கூடும் என்னுமளவே. ஒன்பது பெயரிட்டு இத்துணைச் சிறு பயனே தருவதை மிகைபடக் கூறல் என்பதில் இழுக்கில்லை. அவை நீங்கியது நன்றே.

மூன்றாவது, அதே ஆட்டத்தில் ஏறுதல் என்றொரு திறன் உண்டு. இரவில் நகர்வாயில் அடைபட்டால் மதில் ஏறி உட்புகலாம். மாரோவிண்டில் அத்திறன் நீங்கியது. அதனோடு சுவரேறும் செயலே நீங்கியது. ஒப்லிவியனில் ஈட்டிக்கும் இக்கதியே நேர்ந்தது. திறனோடு படைக்கலமும் மறைந்தது. இது குன்றக் கூறலேயாம்.

நான்காவது, ஒப்லிவியன் கோடரியை மழுங்கற்படைகளின் திறனுள் அடக்கியது. கூர்வாயுடைய கோடரியை மழுங்கல் என்பது மாறுகொளக் கூறல். தொகுப்பவன் தொகைக்கு இடும் பெயரும் பொருந்துதல் வேண்டும் என்பதை இது கற்பிக்கின்றது.

இனி ஸ்கைரிமைக் காண்போம். ஒரு கைப்படை என்னும் ஒரே திறனுள் வாள், கோடரி, தண்டம் மூன்றும் அடங்கின. ஆயின் அத்திறனுள்ளே கிளைகள் வகுக்கப்பட்டன. ஒரு கிளையைப் பயின்றோன் வாளாற் பெருந்தாக்கு நிகழ்த்துவான். மற்றொன்றைப் பயின்றோனது கோடரிக் காயம் குருதி வடித்துக்கொண்டேயிருக்கும். பிறிதொன்றைப் பயின்றோனது தண்டம் கவசத்தையும் ஊடுருவும். மேலே தொகுத்து உள்ளே விரித்த இம்முறையைத் தொல்காப்பிய மரபியல் கூறும் வழிநூல் வகையுள் தொகைவிரி எனலாம். அவ்வாட்டத்திலேயே ஓட்டமும் தாவுதலும் பயிற்சியால் வளரும் திறன்களாயிராமல் நீக்கப்பட்டன. அவற்றிற்கு ஈடாக ஒன்றும் விரிக்கப்படவில்லை. ஆகவே ஒரே ஆட்டத்துள் அழகும் குற்றமும் உடனுறைதல் கூடும்.

ஈண்டு ஓர் ஐயம் எழலாம். 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் மேசையாட்டத்தின் மூன்றாம் பதிப்பில் (2000) ஒளிதலும் ஓசையின்றி நடத்தலும் வேறு வேறு; நான்காம் பதிப்பில் (2008) அவை ஒன்றாயின. அங்கே இழப்பு அத்துணைத் தோன்றாதது ஏன்? அம்மேசையில் நடுவர் ஒருவர் அமர்ந்திருக்கின்றார். விதி கூறாததை ஆடுவோன் கேட்பின், அவர் சமயத்திற்கேற்ற தீர்ப்பு வழங்குவார். கணினியாட்டத்தில் அத்தகைய நடுவர் இல்லை. விதியில் இல்லாதது அவ்வுலகிலேயே இல்லை.

இவ்வுண்மையை எம்மூராகிய எட்டயபுரத்துச் செய்தியொன்றால் விளக்குவாம். சுப்பராம தீட்சிதர் இயற்றிய சங்கீத சம்பிரதாய பிரதர்சினி 1904-இல் இவ்வூரில் அச்சேறிற்று. அவர் சுரங்களை மட்டும் எழுதி அமையாது, கமகங்கள் ஒவ்வொன்றிற்கும் தனிக்குறி வகுத்து அச்சிட்டார். பிற்காலத்துப் பாடநூல்கள் பலவற்றில் அக்குறிகள் இல்லை, சுரங்களே உள. கற்பவனுக்கு அது எளிது. ஆசான் எதிரே அமர்ந்து பாடிக்காட்டுமிடத்து ஏட்டின் குறையை அவர் குரல் நிரப்புகின்றது. ஆசான் இல்லாத விடத்தோ, குறியில்லாத கமகத்தை எங்ஙனம் மீட்பது? எனவே ஒன்றை நீக்குமுன், அதனைத் தாங்குவது வேறு யாது என வினவுதல் வேண்டும்.

நம் இளைஞர் நாளை இக்கரிசற் சீமையையே களமாக்கி ஓர் ஆட்டம் இயற்றுவர் என்று கொள்வோம். உழவுத்தொழிலுக்கு எத்தனை திறன் வைப்பது? உழுதல், பரம்படித்தல், களையெடுத்தல் எனப் பிரித்தடுக்கின் ஆடுவோன் சலிப்பான். அவற்றை ஒன்றாகத் தொகுக்கலாம். ஆனால் மழைக்குப்பின் கரிசலில் ஈரம் எவ்வளவு நிற்கின்றது, விதைப்பதற்குப் பதம் வந்ததா எனக் காணும் அறிவை அதனுள் அமிழ்த்துதல் தகாது. நனைந்தால் காலில் ஒட்டி, காய்ந்தால் வெடித்து நிற்கும் மண்ணில், மானாவாரி வெள்ளாமை செய்வோனுடைய வாழ்வும் தாழ்வும் அவ்வறிவைப் பற்றியன. அதனை நீக்கின் உழவன் பாத்திரம் எஞ்சும். கரிசற்காட்டு உழவன் எஞ்சான்.

ஆகவே திறன்களைக் குறைப்போர் மூன்று வினாக்களை முன்வைத்துக்கொள்க. இதனை நீக்கின் ஆடுவோன் செய்யத்தக்க செயலொன்று அழியுமா? ஒன்றோடொன்றைச் சேர்ப்பின், அவற்றின் வேறுபாட்டை உள்ளே தாங்குவது யாதேனும் உண்டா? தொகைக்கு இட்ட பெயர் தன்னுள் அடங்கிய அனைத்திற்கும் பொருந்துமா? இம்மூன்றிற்கும் நேரிய விடை கிட்டுமாயின் முப்பத்தைந்து பதினெட்டாவதில் இழுக்கில்லை. கிட்டாதாயின் ஒன்று குறைதலும் குற்றமேயாம் என்பது எம் துணிபு.